கிண்ணப்பாசி பார்க்க வந்த மாப்பிள்ளை

அம்மிணி,

இதை அவசரப்படாமல் படி. தமிழை நீ எழுத்துக் கூட்டித்தான் படிப்பாய் என்று தெரிந்தே கொட்டை கொட்டையாக எழுதுகிறேன். "எதுக்குங்க இவ்வளவு கஷ்டம், போன்ல பேசி அனுப்பி வுடுங்க" என்றாள் அம்மா. பேச ஆரம்பித்தால் கொஞ்ச நேரத்தில் எனக்கு இந்தி வந்துவிடும், அதன் பின்னாலேயே மராட்டியும் வரும், கடைசியில் சொல்ல வந்தது நடுரோட்டில் நின்றுவிடும். புனேயில் இத்தனை வருஷம் இருந்ததன் பலன். எழுதும்போது மட்டும்தான் நான் முழுசாகத் தமிழில் இருக்கிறேன். புரியாத இடத்தில் மாப்பிள்ளையிடம் கேட்காதே, அவன் உன்னைவிட மோசம். அம்மாவுக்குப் போன் போடு.

அன்றைக்கு லோஹேகாவ் ஏர்போர்ட் வாசலில், மாப்பிள்ளை அனிகேத் பெட்டிகளை உள்ளே தள்ளிக்கொண்டு போனபோது, நீ பாதியில் திரும்பி வந்து என்னிடம் ஒரு கேள்வி கேட்டாய். "அப்பா, நெசமாச் சொல்லுங்க. நீங்க எப்பத்தான் மனசு மாறினீங்க?" பின்னால் நின்ற குடும்பம் தள்ளுவண்டியால் என் கணுக்காலை இடித்தது. "போ போ, அப்புறம் சொல்றேன்" என்றேன். நீ சிரித்துவிட்டுப் போய்விட்டாய். புருஷனின் புது வேலைக்காக ஷில்லாங்குக்கு விமானம் மாறிப் போகிற பெண்ணிடம் வாசலில் நின்று சொல்லக்கூடிய பதில் இல்லை அது. அம்மா பேசிப் பேசி என்னைக் கரைத்தாள் என்று நீ நினைத்துக்கொண்டிருக்கிறாய். அம்மாவும் அப்படித்தான் நினைக்கிறாள், நானும் இதுவரை மறுக்கவில்லை. நடந்தது வேறு. அது நடந்த இடத்தில் நீயும் இல்லை, அம்மாவும் இல்லை.

முன்கதை உனக்குத் தெரிந்ததுதான், இருந்தாலும் என் பக்கத்திலிருந்து ஒரு தடவை கேள். போன வருஷம் மழை பிடித்த புதிதில், ராத்திரிச் சாப்பாட்டில், தட்டைப் பார்த்துக்கொண்டே, "அப்பா, அனிகேத்னு ஒரு பையன். லிவர்வார்ட்ல ரிசர்ச் பண்றான்" என்றாய். என் காதில் விழுந்தது லிவர் வார்டு. ஏதோ பெரிய ஆஸ்பத்திரியில் கல்லீரல் நோயாளிகள் படுத்திருக்கிற வார்டில் வெள்ளைக் கோட்டோடு நடக்கிற பையனை நான் அங்கேயே பார்த்துவிட்டேன். மராட்டிப் பையன் என்றதும் நெஞ்சுக்குள் ஒரு முள் குத்தியது உண்மை. ஆனால் டாக்டர் என்ற சொல் அந்த முள்ளைப் பாதி பிடுங்கிவிட்டது. மறுநாளே பொள்ளாச்சிக்குப் போன் போட்டு உன் பெரியப்பாவிடம், "டாக்டர் பையன் ஒருத்தன் வர்றானாட்ட இருக்குது, பார்க்கலாம்" என்று சொல்லியும் வைத்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவன் டீ குடிக்க வந்தபோது, சாகண் கம்பெனியிலிருந்து நான் ரிட்டையர் ஆகும்போது எடுத்த மெடிக்கல் ரிப்போர்ட்டை எடுத்து அவன் கையில் கொடுத்தது அதனால்தான். கல்லீரலில் கொழுப்பு என்று அதில் எழுதியிருந்தது. அவன் அதை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை மரியாதையாகப் படித்தான். பிறகு மடித்துத் திருப்பிக் கொடுத்து, சித்தப்பா என்கிற அர்த்தத்தில் மராட்டி வழக்கப்படி காகா என்று கூப்பிட்டு, இந்தியில் சொன்னான்: "காகா, எண்ணெயைக் குறைச்சா நல்லதுன்னு எங்கம்மா சொல்வாங்க. அதுக்கு மேல எனக்குத் தெரியாது. நான் பார்க்கிற லிவர்வார்ட் ஒரு செடி." நீ ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டாய், உன் தோள் குலுங்கியது எனக்குத் தெரிந்தது. அம்மா பஜ்ஜித் தட்டை என் பக்கத்திலிருந்து அவன் பக்கம் நகர்த்தி வைத்தாள்.

அதோடு முடிந்ததா. கை கழுவப் போனவன் திரும்பி வரவே இல்லை. "ஏனுங்க, அந்தப் பையன் எங்கீங்க?" என்று அம்மா கேட்டு, நான் தேடிக்கொண்டு போனால், நம் வீட்டுக்குப் பின்னால், கட்டடத்துக்கும் காம்பவுண்டு சுவருக்கும் நடுவில் இருக்கிற அந்தச் சந்தில் முழங்கால் போட்டு உட்கார்ந்திருந்தான். நல்ல பேண்ட், இஸ்திரி போட்டது. மூக்கு சுவரில் ஒட்டுகிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு, சட்டைப்பையில் இருந்த குட்டி லென்ஸால் எதையோ பார்த்துக்கொண்டிருந்தான். மொட்டைமாடித் தொட்டி நிரம்பி வழிகிற தண்ணீர் அந்தக் கருங்கல் சுவரில்தான் சொட்டும். வெயில் ஒருநாளும் படாத இடம். நான் அந்தச் சுவரை இத்தனை வருஷமாகப் பார்த்து எரிச்சல்தான் பட்டிருக்கிறேன்.

அவன் எனக்குக் காட்டினான். விரல் நகத்தின் அகலம்கூட இல்லாத பச்சைப் பட்டைகள், ஒவ்வொன்றும் நுனியில் இரண்டாகப் பிரிந்து, அந்த இரண்டும் மறுபடி இரண்டாகப் பிரிந்து, கல்லோடு கல்லாக ஒட்டிப் படுத்திருந்தன. தண்டு இல்லை, இலை இல்லை, பூ இல்லை, வேர்கூட இல்லை. அடிப்பக்கம் மயிர் மாதிரி இழைகள்தான் கல்லைப் பிடித்துக்கொண்டிருக்கின்றன. மேல்பக்கம் அங்கங்கே குட்டிக் குட்டிக் கிண்ணங்கள், ஓரத்தில் பல் வெட்டின மாதிரி. அந்தக் கிண்ணத்துக்குள் மிளகுப்பொடியைவிடச் சின்னதாகப் பச்சை வில்லைகள் குவிந்து கிடந்தன. "பக்கத்துல வாங்க காகா" என்று சொல்லிவிட்டு, குழாய் மக்கில் விரலை நனைத்து ஒரே ஒரு சொட்டைக் கிண்ணத்தின் மேலே விட்டான். வில்லைகள் தெறித்தன. இரண்டு என் சட்டையில் ஒட்டின, ஒன்று என் மூக்குக்கண்ணாடியில். இப்படித்தான் இது பரவுகிறதாம். மழைச்சொட்டு விழுந்து தெறிக்கிற தூரம்தான் இதன் பயணம். போய் விழுந்த இடம் ஈரமாக இருந்தால் எந்தப் பக்கம் வெளிச்சம் படுகிறதோ அது மேல்பக்கம் ஆகிவிடும், மற்றப் பக்கம் கல்லைப் பிடித்துக்கொள்ளும். சஹ்யாத்ரி மலையில் ஓடையோரப் பாறைகளில் பார்க்க வேண்டியது, ஊருக்கு நடுவில் இதைப் பார்ப்பது இதுதான் முதல் தடவை என்றான். அதுவும் இங்கே இருப்பது முழுக்கப் பெண் செடி. குட்டிக் குடை மாதிரி விரல் விரலாக விரிந்து நின்றவை அதன் அடையாளம். இந்த வகையில் ஆண் செடியை அவன் இத்தனை வருஷம் தேடியும் கண்டதில்லை. அன்றைக்கே நான் அதற்குக் கிண்ணப்பாசி என்று பெயர் வைத்துவிட்டேன். அது பாசி இல்லை என்று அவன் திருத்தினான். இன்றுவரை திருத்திக்கொண்டுதான் இருக்கிறான்.

அவன் போனபிறகு நீ என்னிடம் கேட்டாய், நான் "பார்க்கலாம்" என்றேன். என் "பார்க்கலாம்" என்றால் என்ன என்று உனக்குத் தெரியும். நிரந்தர வேலை இல்லை, ஃபெலோஷிப் முடிந்தால் அடுத்தது எங்கே என்று அவனுக்கே தெரியாது, பேச்சு வேறு, சாப்பாடு வேறு, பொள்ளாச்சியில் என்ன சொல்வார்கள் என்ற கவலை வேறு. சுவரை நோண்டுகிற பையனிடம் என் மகளை எப்படிக் கொடுப்பது என்று அம்மாவிடம் கேட்டேன். "நீங்க கம்பெனில நட்டு போல்ட்ட நோண்டலீங்களா?" என்றாள். அதற்கும் நான் அசையவில்லை.

அதற்குப் பிறகு சுவர் பிரச்சினை வந்தது. நம் அபார்ட்மெண்ட் சொசைட்டிக்கு நான்தான் செக்ரெட்டரி. அந்தச் சந்துச் சுவரின் ஈரம் நம் படுக்கையறைக்கும் பக்கத்து ஃபிளாட் ஷிண்டே மேடம் வீட்டுக்கும் ஏறிக்கொண்டிருந்தது. அவருக்கு மூச்சுத் தொந்தரவு. சுரண்டிக் கழுவி, நீர் இறங்காத பூச்சு பூசுவது என்று கூட்டத்தில் முடிவு செய்து ஆளும் பேசியாகிவிட்டது. உன்னிடம் சொன்னதும் நீ தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போனாய். அடுத்த நாள் அனிகேத் வருகிறான் என்று கேள்விப்பட்டதும் நான் பேச வேண்டிய பேச்சையெல்லாம் தயாராக வைத்துக்கொண்டேன். செடி முக்கியமா மனுஷன் முக்கியமா என்று ஆரம்பிக்கிற பேச்சு, நன்றாகவே வந்திருந்தது. அவன் உட்கார்ந்து தண்ணீர் குடித்துவிட்டு, "சுவரைப் பூசிடுங்க காகா. மேடமுக்கு இந்த ஈரம் ஆகாது. பூசறதுக்கு முன்னால எனக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை மட்டும் குடுங்க, முடிஞ்சதை எடுத்துக்கறேன்" என்றான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நீயும் கூட இருந்தாய். கல்லிலிருந்து எடுக்கப் போனால் பட்டை கிழிந்தது, அவன் கத்தி எல்லாம் தடிமனாக இருந்தது. என் டூல் பெட்டியிலிருந்து இடைவெளி அளக்கிற கேஜைக் கொண்டு வந்தேன், தாள் மாதிரி மெல்லிய இரும்புத் தகடுகள் வைத்தது. அதில் ஆக மெல்லிய தகட்டைக் கல்லுக்கும் செடிக்கும் நடுவில் சாய்வாகவிட்டு மெல்ல நகர்த்தினால் தோசை எடுபடுகிற மாதிரி முழுசாக வந்தது. வேலைக்குப் போன காலத்தில் எத்தனையோ பாகங்களுக்கு நடுவில் அந்தத் தகட்டை விட்டு அளந்திருக்கிறேன், ஒரு உயிருள்ள பொருளுக்கு அடியில் விட்டது அன்றைக்குத்தான். ஐஸ்கிரீம் டப்பாக்களில் செங்கல் தூளும் மண்ணும் போட்டு, பாதியை அவன் லேபுக்குக் கொண்டு போனான், மீதியை நம் வாஷிங் ஏரியாவில் நிழலாக வைத்தோம். "இதையெல்லாம் கொண்டுபோய் மலையில் ஒரு ஓடையில் விட்டுவிடலாமே" என்று நான் கேட்டதற்கு, "ஊர்ல வளர்ந்ததைக் காட்டுல கொண்டுபோய் விடக் கூடாது காகா. அது கூட எது போகும்னு நமக்குத் தெரியாது" என்றான். இது வரைக்கும் உனக்குத் தெரியும்.

இனிமேல் தெரியாதது. அடுத்த மாதம் ஒருநாள், உனக்கு ஆபீசில் ஏதோ ரிலீஸ் என்று நீ சனிக்கிழமையும் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தாய். அனிகேத் தாம்ஹிணி காட் என்கிற மலைப்பாதைப் பக்கம் ஆண் செடி தேடப் போகிறான் என்று அம்மா வாயிலிருந்து வந்தது. நான் அவனுக்குப் போன் பண்ணி, "நானும் வர்றேன், என் கார்லயே போலாம்" என்றேன். செடி பார்க்கிற ஆசையில் நான் போகவில்லை. தனியாக உட்கார வைத்து எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, மரியாதையாக முடியாது என்று சொல்லிவிட்டு வரலாம் என்றுதான் போனேன். உன் முகத்துக்கு முன்னால் அதைச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை.

முல்ஷி ஏரி தாண்டியதும் மேகம் ரோட்டிலேயே இறங்கிவிட்டது. வைப்பர் அடித்துக்கொண்டே இருந்தது, ரோட்டைப் பார்த்து ஓட்டவே சரியாக இருந்தது. மலைப்பாதையில் ஒரு இடத்தில் வண்டியை ஓரம் கட்டிவிட்டு ஓடையோரமாக இறங்கினோம். என் செருப்பு வழுக்கும் என்று சொல்லி அவன் பைக்குள்ளிருந்து ஒரு ஜோடி பிளாஸ்டிக் ஷூ எடுத்துக் கொடுத்தான். என் அளவை உன்னிடம் கேட்டு வாங்கியிருக்கிறான், எதற்கு என்று உனக்குச் சொல்லாமல். பாறை எங்கே முன்னால் நீட்டிக்கொண்டு நிழல் தருகிறதோ, அருவிச் சாரல் படும், ஆனால் ஓட்டம் படாது, அந்த மாதிரி இடத்தில்தான் கிண்ணப்பாசி குடியிருக்கும் என்று காட்டிக்கொண்டே போனான். கொஞ்ச நேரத்தில் எனக்கே கண் பழகிவிட்டது. எங்கே பார்த்தாலும் பச்சையாகத் தெரிந்தது பாசி, பெரணி, வேறு ஏதோ, அதற்கு நடுவில் இது மட்டும் தனியாகத் தெரிய ஆரம்பித்தது. அவன் ஒரு பாறை மடிப்புக்குள் தலையை விட்டவன் அப்படியே நின்றான். பிறகு, பக்கத்தில் யாரோ தூங்குகிற மாதிரிக் குரலைத் தணித்து, "காகா, இங்க வாங்க" என்றான். குடைக்குப் பதிலாகச் சின்னச் சின்ன பொத்தான் மாதிரி, ஓரம் வளைந்து வளைந்து, காம்பின் மேல் தட்டையாக நின்றன. ஆண் செடி. போட்டோ எடுத்தான், நகக்கண் அளவு ஒரு துண்டைச் சின்ன டப்பாவில் எடுத்துப் பைக்குள் வைத்தான், பையைப் பாறை மேல் வைத்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தான். நான் பிளாஸ்கைத் திறந்தேன்.

கீழே ஓடைக்கு நடுவில் பாறைகளில் பிக்னிக் வந்த பசங்களும் பெண்களும் பாட்டு வைத்து ஆடிக்கொண்டிருந்தார்கள். அனிகேத் டீயை வாயருகே கொண்டு போனவன் நிறுத்தினான். தண்ணீரைப் பார்த்தான். அதுவரை கண்ணாடியாக ஓடியது காபி நிறத்துக்கு மாறியிருந்தது, இலையும் சுள்ளியும் மிதந்து வந்துகொண்டிருந்தன. மேலே எங்கோ பெரிய மழை. அவன் டம்ளரை வைத்துவிட்டு ஓடி, மராட்டியில் கத்தினான், மேலே வாங்க, தண்ணி ஏறுது என்று. பாட்டை நிறுத்தாமலே ஒருத்தன், "நீ யாரு, போலீஸா?" என்று கேட்டான். "இல்ல. மேல வந்து என்னைத் திட்டுங்க, நின்னு கேட்டுக்கறேன்" என்றான் அனிகேத். அதில் இரண்டு பேர் சிரித்துக்கொண்டே எழுந்து வந்தார்கள், அவர்களைப் பார்த்து மற்றவர்களும் நகர்ந்தார்கள். ஒரு பெண் மட்டும் நடுப்பாறையில் அப்படியே நின்றுவிட்டாள், கால் எடுக்க வரவில்லை. அவன் இறங்கிவிட்டான். தண்ணீர் அவன் முழங்காலைத் தாண்டி ஏறியது. நான் கரையில் ஒரு மரத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, போலீஸா என்று கேட்ட அந்தப் பையனின் கையைப் பிடித்தேன், அவன் அனிகேத்தின் கையைப் பிடித்தான், அனிகேத் அந்தப் பெண்ணின் மணிக்கட்டைப் பிடித்தான். எங்கள் நாலு பேருக்கும் ஒருத்தர் பெயர் ஒருத்தருக்குத் தெரியாது, எனக்கு அனிகேத் பெயரைத் தவிர. அவள் கரையேறின கொஞ்ச நேரத்தில் அவர்கள் ஆடிய பாறை மறைந்துவிட்டது. எங்கள் பாறையிலும் தண்ணீர் ஏறி, அவன் பையை, காமிராவோடு, அந்தச் சின்ன டப்பாவோடு, எடுத்துக்கொண்டு போய்விட்டது. அவன் அது போகிற திசையையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு என்னிடம் திரும்பி, "காகா, பிளாஸ்க் இருக்கா?" என்றான். அதுவும் போயிருந்தது.

அன்றைக்கு அவனைப் பார்த்துத்தான் நான் மனசு மாறினேன் என்று நீ இப்போது நினைப்பாய். இல்லை, அம்மிணி. சந்தோஷப்பட்டேன், பெருமையாகக்கூட இருந்தது. ஆனால் ஆபத்து வந்தால் ஓடி உதவுகிறவன் வீட்டில் நல்லபடி இருப்பான் என்று எந்த உத்தரவாதமும் கிடையாது. கம்பெனியில் தீ பிடித்தபோது முதல் ஆளாக உள்ளே ஓடின ஒரு சூப்பர்வைசர், பெண்டாட்டியோடு மாசக்கணக்கில் பேசாமல் இருந்ததை நான் பார்த்திருக்கிறேன். என் "முடியாது" இன்னும் என் சட்டைப்பையில்தான் இருந்தது, நனைந்துபோய்.

மேலே ரோட்டில் ஒரு தகரக் கொட்டகை டீக்கடை. அவனுக்குப் பல் தந்தி அடித்தது. வடாபாவும் டீயும் வாங்கிக்கொண்டு அடுப்புப் பக்கத்தில் உட்கார்ந்தோம். அவன் டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "காகா, நீங்க என்கிட்ட ஏதோ கேட்கணும்னுதான் வந்தீங்க. கேளுங்க" என்றான். நான் காரில் வரும்போது மனசுக்குள் அடுக்கி வைத்திருந்தேன், சம்பளம், வேலை, வீடு, அவன் அம்மா அப்பா, எல்லாம். என்னையறியாமல் வேறு ஒன்றைக் கேட்டுவிட்டேன். "அவளுக்குக் கோபம் வந்தா நீ என்ன பண்ணுவே?"

அவன் யோசிக்கவே இல்லை. "கொஞ்சம் தள்ளிப் போய் உட்கார்ந்துக்குவேன் காகா. பேசினா இன்னும் ஜாஸ்தி ஆகும். கொஞ்ச நேரம் கழிச்சு அவளே வந்து, நீ ஏன் இங்க வந்து உட்கார்ந்திருக்கேன்னு அதுக்குத் தனியாக் கோபப்படுவா. அப்ப பேசலாம், அப்ப முதல் கோபம் போயிருக்கும்" என்றான்.

எனக்குச் சிரிப்பு வந்ததில் டீ புரையேறிவிட்டது. கடைக்காரர் என் முதுகைத் தட்டினார். சின்ன வயசில் நீ முறுக்கிக்கொண்டு பால்கனியில் போய் உட்கார்ந்தால், நான் ஹாலில் எதிர் மூலையில் பேப்பரை விரித்துக்கொண்டு உட்காருவேன், ஒரு வரிகூடப் படிக்காமல். கொஞ்ச நேரத்தில் நீ வந்து நின்று, "என்னை ஏன் வந்து கூப்பிடலை?" என்று புதுசாக ஒரு சண்டையை ஆரம்பிப்பாய். அந்த இரண்டாவது சண்டையில்தான் நாம் ராசியாவோம். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை, சொல்லும்படியான விஷயமும் இல்லை. உன்னைப் பக்கத்தில் இருந்து, அவசரப்படாமல், நாள் கணக்காகப் பார்த்த ஆளுக்கு மட்டும்தான் அது தெரியும். நானும் அம்மாவும் மட்டுமே தெரிந்து வைத்திருந்ததை மூன்றாவதாக ஒருத்தன், நனைந்த சட்டையோடு, வடாபாவைத் தின்றுகொண்டே சொல்கிறான். நகத்தளவு செடியை எப்படிப் பார்க்கிறானோ அப்படி உன்னையும் பார்த்திருக்கிறான் என்று எனக்குத் தோன்றியது. நீ கேட்ட கேள்விக்குப் பதில் அதுதான். தாம்ஹிணி மலைப்பாதையில், அந்த டீக்கடையில்.

தண்ணீரில் இறங்கினதை உன்னிடம் சொல்ல வேண்டாம் என்று அவனிடம் கேட்டுக்கொண்டது நான். சொன்னால் இரண்டு பேருக்கும் விழும் என்று தெரியும். இப்போது தெரிந்துவிட்டது, திட்டுவதானால் என்னைத் திட்டு. வீட்டுக்கு வந்ததும் சமையலறை வாசலில் நின்று அம்மாவிடம், "தை மாசம் நல்ல நாள் எப்ப வருதுன்னு பார்க்கச் சொல்லு" என்றேன். அவள் திரும்பிப் பார்த்து, "மொதல்ல காலை மிதியடில தொடைங்க" என்றாள். அடுப்பை அணைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைக்கத்தான் போனாள். மறுநாள் காலையில், அனிகேத் வீட்டார் எப்போது வருவார்கள் என்று நான் கேட்டதும் கையிலிருந்த தோசையை நீ கீழே போட்டாயே, அது மட்டும்தான் உன் கணக்கில் இருக்கிறது.

அதற்குப் பிறகு நானும் அனிகேத்தும் மறுபடி அந்த ஓடைக்குப் போனோம். அந்தப் பாறை மடிப்பு தேய்த்துக் கழுவின பாத்திரம் மாதிரி இருந்தது, ஒரு பச்சைப் புள்ளி இல்லை. எனக்குத்தான் துக்கமாக இருந்தது. அவன், "பிய்ஞ்சு போன துண்டெல்லாம் கீழ எங்கயாவது ஒட்டியிருக்கும் காகா. வெள்ளமும் இதுக்கு ஒரு வண்டிதான்" என்றான். ஓடையோடு கீழே இறங்கிப் பார்த்துக்கொண்டே போனோம். ரோட்டுக்கு அடியில் தண்ணீர் போகிற சிமெண்ட் பாலத்தின் பக்கச்சுவரில், ஒரு விளிம்பில், அது படுத்திருந்தது. முதலில் பார்த்தது நான். காம்பு வைத்துப் பொத்தான் நிற்க இன்னும் சில வாரம் ஆனது, அதுவரை நானும் நம்பவில்லை. அதிலிருந்து நகத்தளவு கிள்ளிக் கொண்டு வந்து நம் டப்பாவில் பெண் செடிகளுக்குப் பக்கத்தில் வைத்தோம், பூவாளியால் மழை மாதிரித் தெளித்தோம். பிறகு குடைகளுக்கு அடியில் மஞ்சளாகப் பஞ்சு பஞ்சாகத் தொங்கியதை நீயே போட்டோ எடுத்தாய். விதைத்தூள். அந்தச் சந்துச் சுவரில் இத்தனை காலம் கிண்ணத்தை மட்டுமே நம்பி இருந்த இனம் அது. கல்யாணத்துக்கு வந்த உன் பெரியம்மா டப்பாவை எட்டிப் பார்த்துவிட்டு, "இதென்ன, போட்ட கொத்தமல்லி மொளைக்கவே இல்லியாட்ட இருக்குது" என்றாள். மாப்பிள்ளை என்னைக் காகா என்று கூப்பிடும்போதெல்லாம் அவள் காக்கை வந்திருக்கிறதோ என்று ஜன்னலைப் பார்த்ததையும் நான் கவனித்தேன்.

கிண்ணத்துக்குள் கிடக்கிற வரைக்கும் அந்த வில்லைகள் முளைக்காது என்று அனிகேத் ஒருநாள் சொன்னான். தாய்ச்செடியே தடுத்து வைத்திருக்குமாம். தெறித்து வெளியே விழுந்தால்தான் வளர ஆரம்பிக்கும். அம்மா இதைக் கேட்டுவிட்டு, "கடிதத்துல இதை எழுதி அவளுக்கு நாலு வார்த்தை புத்தி சொல்லுங்க" என்கிறாள். சொல்லப்போவதில்லை. செடிக்குச் செடியின் நியாயம், நமக்கு நம்முடையது. நீ எங்களோடு இருந்தபோதும் நன்றாகத்தான் வளர்ந்தாய். நான் சொல்ல விரும்புவது சின்னது. அவன் எதையாவது குனிந்து பார்த்துக்கொண்டிருந்தால், முதுகுக்குப் பின்னால் நின்று எவ்வளவு நேரம் என்று கேட்காதே, ஒரு தடவையாவது நீயும் குனிந்து பார். அதே மாதிரி உன் கம்ப்யூட்டர் முன்னால் அவனை உட்கார வைத்து உன் வேலை என்ன என்று காட்டு, புரியாவிட்டாலும் பார்க்கட்டும். அவன் நல்லவன் என்பதற்காக எல்லாவற்றுக்கும் தலையாட்டாதே. ஷில்லாங்கில் மழை ஜாஸ்தி, துணி காயாது, அவன் அதைக் கொண்டாடுவான், நீ கொண்டாட வேண்டியதில்லை. ஒரு நல்ல ஹீட்டர் வாங்கு.

உங்களை அனுப்பிவிட்டு ஏர்போர்ட்டிலிருந்து திரும்பும்போது விஷ்ராந்த்வாடி சிக்னலில் நின்றோம். அம்மா, "இனிமே ஞாயித்துக்கெளம என்னங்க பண்ணுவீங்க?" என்று கேட்டாள். "மழை வரட்டும், மலைக்குப் போவேன். நீயும் வா" என்றேன். அவள் சிரித்தாள். புனே வந்ததிலிருந்து அவளை நான் எங்கே கூட்டிப்போனேன் என்று யோசித்துப் பார்த்தால் கோவில், கடை, கல்யாணம், இவ்வளவுதான் வந்தது. போன ஞாயிற்றுக்கிழமை, முதல் மழை பெய்து ஓய்ந்த காலையில், புளிசாதம் கட்டிக்கொண்டு நிஜமாகவே புறப்பட்டுவிட்டாள். ஓடைப் பக்கம் போகவில்லை, ரோட்டோரமாக நீர் கசிகிற ஒரு பாறையிலேயே நிறுத்திவிட்டேன். அட்டை இருக்குமா, பாம்பு இருக்குமா, முட்டி வலிக்குமே என்று கேட்டுக்கொண்டே இறங்கினாள். ஒரு கையால் சேலையைத் தூக்கிப் பிடித்து, இன்னொரு கையால் என் தோளைப் பிடித்து, மெல்ல முழங்கால் போட்டு உட்கார்ந்தாள். நான் புதுசாக வாங்கின லென்ஸை அவளிடம் கொடுத்து, எந்த இடம் என்று விரலால் காட்டினேன். முதலில் ஒன்றுமே தெரியவில்லை என்றாள். அப்புறம் லென்ஸை இன்னும் கிட்டே கொண்டு போனாள். பஸ் ஒன்று எங்களுக்குப் பின்னால் தண்ணீரை வாரி அடித்துக்கொண்டு போனது, அதற்கும் அவள் திரும்பவில்லை. வெகுநேரம் ஆகிவிட்டதே, முட்டி என்ன ஆகும் என்று கவலைப்பட்டு நான் குனிந்து, "என்ன தெரியுது?" என்று கேட்டேன்.

"தள்ளி நில்லுங்க" என்றாள் அம்மா, தலையைத் தூக்காமல். "வெளிச்சத்தை மறைக்கறீங்க."

அன்புடன்
அப்பா